விலை விழுந்தால் யார் தலையில்? விவசாய மானியம் பற்றி ஒரு மாணவிக்கு எழுதிய பதில்

எதிர்வீட்டுப் பிள்ளை ஆறாம் படிவத்தில் பொருளியல் எடுத்திருக்கிறாள். போன வாரம் வேலியோரம் நின்று கேட்டாள்: "மாமா, அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்கள் விவசாயிகளுக்கு மானியம் கொடுக்கிறார்கள். அது அவர்கள் பணம். அதனால் உலகம் முழுக்க உணவுப் பொருள் மலிவாகிறது என்றால் ஏழை நாடுகளுக்கு நல்லதுதானே? பிறகு ஏன் இதற்காக இத்தனை வருடமாகச் சண்டை போடுகிறார்கள்? நம் ஊருக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். பெஸ்தாரி ஜெயா என்று இப்போது பலகை வைத்திருக்கும் மலேசியாவின் இந்த ஊர் எங்கள் தலைமுறைக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே தோட்டக் கிராணியாக, அதாவது எழுத்தராக, பதினோரு வருடம் இருந்தேன். அப்புறம் கிள்ளானில் செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஏற்றுமதி செய்யும் அலுவலகத்தில் இருபது வருடம். இந்தக் கேள்விக்கான பதில் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தபோது அம்மா நான்கு மாடு வைத்திருந்தார். காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகும் முன் பால் கறந்து, டவுனில் இரண்டு சாப்பாட்டுக் கடைக்கும் கோயிலுக்கும் கொடுத்தனுப்புவார். அண்ணன்தான் சைக்கிளில் கொண்டு போவார். எங்கள் பள்ளிச் செலவு முழுக்க அந்தப் பாலில் வந்தது. எழுபதுகளின் கடைசியில் ஒரு கடைக்காரர் நிறுத்தினார். அடுத்த வருடம் இன்னொருவரும் நிறுத்தினார். டின் பாலும் பால் மாவும் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது, கெட்டுப் போவதில்லை, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. அவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அம்மா மட்டும் "அவ்வளவு தூரத்தில் இருந்து கப்பலில் வருகிற பால் எப்படி நம்ம பாலைவிட மலிவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரிய வெகுகாலம் ஆனது.

பதில் இதுதான். ஐரோப்பிய நாடுகள் 1962ல் பொது விவசாயக் கொள்கை என்று ஒன்றைக் கொண்டு வந்தன. போர்க்காலத்தில் பசி பார்த்தவர்கள், இனி உணவுக்கு யாரிடமும் கையேந்தக் கூடாது என்று நினைத்தார்கள். அந்த எண்ணத்தில் தப்பு இல்லை. பாலுக்கும் வெண்ணெய்க்கும் தானியத்துக்கும் ஒரு விலையை நிர்ணயித்து, அதற்குக் கீழே சந்தை போனால் அரசாங்கமே வாங்கிக்கொள்ளும் என்றார்கள். எவ்வளவு கறந்தாலும் விலை நிச்சயம் என்றால் எந்தப் பண்ணைக்காரர் கறப்பதைக் குறைப்பார்? எண்பதுகளில் அங்கே கிடங்குகளில் தேங்கிய வெண்ணெய் மட்டும் பத்து லட்சம் டன்னைத் தாண்டியது. பத்திரிகைகளில் அதை 'வெண்ணெய் மலை' என்றே எழுதினார்கள். மலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளிநாட்டில் விற்க வேண்டும். ஆனால் உள்நாட்டு விலையோ உலக விலையைவிட மிக அதிகம். அந்த வித்தியாசத்தை ஏற்றுமதி செய்பவருக்கு அரசாங்கமே கட்டியது. ஏற்றுமதி மானியம் என்பது அதுதான்.

எங்கள் ஊர்க் கடைக்கு வந்த பால் மாவு ஐரோப்பாவில் இருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாவுதான் இங்கே வரும். ஆனால் உலகச் சந்தை ஒரே குளம் மாதிரி. ஒருவர் மடை திறந்து தண்ணீர் விட்டால் எல்லாக் கரையிலும் மட்டம் மாறும். ஐரோப்பா தன் பால் மாவை அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிட்டபோது நியூசிலாந்துக்காரரும் தன் விலையை இறக்கித்தான் விற்க வேண்டியிருந்தது. அந்த இறங்கின விலைதான் எங்கள் அம்மாவின் நான்கு மாட்டோடு போட்டி போட்டது. மாடு போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. தோட்டத்தில் மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள், நாங்களும் படித்து வெளியே போய்விட்டோம். ஆனாலும் விலை அதில் ஒரு பங்கு.

இதில் உன் கேள்வியின் பாதி இருக்கிறது. மலிவு நல்லதுதானே என்றாய். வாங்குகிற கடைக்காரருக்கு நல்லது. தே தாரேக் என்ற பால் தேநீர் குடிக்கிறவருக்கு நல்லது. பால் விற்கிற அம்மாவுக்கு? ஏழை நாடு என்று ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் அதற்குள் வாங்குகிறவரும் இருக்கிறார், விற்கிறவரும் இருக்கிறார். டவுனில் இருப்பவர்கள் வாங்குகிறார்கள், கிராமத்தில் இருப்பவர்கள் விற்கிறார்கள். உலகின் பரம ஏழைகளில் பெரும்பாலோர் கிராமத்தில்தான் இருக்கிறார்கள், நிலத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த மலிவு அவ்வளவு எளிய நன்மை இல்லை.

மானியம் என்பது ஒரே வகையும் இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பது உண்டு. விலை இந்த அளவுக்குக் கீழே போனால் மீதியை நாங்கள் தருகிறோம் என்பது உண்டு. எல்லையில் பெரிய வரி போட்டு வெளிநாட்டுச் சரக்கை நிறுத்திவிட்டு, உள்ளூர் விலையை உயர்த்தி வைப்பதும் ஒரு வகை. அங்கே மானியம் கொடுப்பது அரசாங்கம் இல்லை, கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் மக்கள். பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார அமைப்பு 54 நாடுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. 2021 முதல் 2023 வரை விவசாயத்துக்கான ஆதரவு வருடத்துக்குச் சராசரியாக 84,200 கோடி டாலர். அதில் பெரும்பகுதி நான்கு இடங்களில்: சீனா, இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம். கவனித்தாயா, பட்டியலில் சீனாவும் இந்தியாவும் இருக்கின்றன. பணக்கார நாடுகள் மட்டும் செய்யும் காரியமாக இது இப்போது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கிள்ளானில் வேலை பார்த்தபோது காலையில் அலுவலகம் திறந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது, இரவு சிக்காகோவில் சோயா எண்ணெய் என்ன விலையில் முடிந்தது என்பதை. கோலாலம்பூர் சந்தை திறக்கும் முன்பே நம் செம்பனை எண்ணெய் அன்றைக்கு ஏறுமா இறங்குமா என்று பாதி தெரிந்துவிடும். இந்தியாவில், பாகிஸ்தானில், சீனாவில் எண்ணெய் வாங்கும் வியாபாரி எது மலிவோ அதை வாங்குவார். சோயா இறங்கினால் செம்பனையும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

1998ல் கச்சா செம்பனை எண்ணெய் டன் சராசரி 2,300 ரிங்கிட்டுக்கு மேல் போனது. ஆசிய நாணய நெருக்கடியில் ரிங்கிட் விழுந்ததும் அதற்கு ஒரு காரணம். அடுத்த மூன்று வருடத்தில் அது சரிந்து, 2001ல் சராசரி 900 ரிங்கிட்டுக்கும் கீழே வந்துவிட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பார். சோயாவுக்கு அங்கே அரசாங்கம் ஒரு ஆதரவு விலை வைத்திருந்தது: ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ, 5.26 டாலர். சந்தை விலை 2000ல் நாலரை டாலர் அளவில் இருந்தது, 2001ல் அதற்கும் கீழே. குறைகிற பணத்தை அரசாங்கம் விவசாயி கையில் கொடுத்தது. சந்தை என்ன சொன்னாலும் அயோவாவில் உழுகிறவர் காதில் விழுந்தது 5.26 மட்டும்தான். 1990ல் அங்கே ஏறக்குறைய 5.8 கோடி ஏக்கரில் சோயா இருந்தது. விலை படுத்துக் கிடந்த 2000ல் அது 7.4 கோடி ஏக்கருக்கு மேல் ஆகியிருந்தது. விலை விழுகிறபோது விதைக்கிற பரப்பு கூடுகிறது என்றால், எங்கோ ஒரு இடத்தில் கயிறு அறுந்திருக்கிறது.

எல்லாம் அமெரிக்காவால்தான் என்று எழுதினால் உன் ஆசிரியர் மதிப்பெண் வெட்டுவார், வெட்டவும் வேண்டும். இந்தோனேசியாவில் புதுத் தோட்டங்கள் காய்க்கத் தொடங்கிய காலம் அது. பிரேசிலும் அர்ஜென்டினாவும் சோயாவைப் பெருக்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் விலை விழும்போது உற்பத்தி குறைவதுதான் இயல்பு. குறைந்தால் விலை தானாகத் தூக்கும். பெரிய உற்பத்தியாளர் ஒருவர் குறைக்காமலேயே இருக்க அவர் அரசாங்கம் பணம் கொடுத்தால், அவர் குறைக்காததையும் சேர்த்து மற்றவர்கள் தாங்க வேண்டும்.

மற்றவர்கள் என்றால் யார்? அண்ணனுக்கு ஈஜோக் பக்கம் ஐந்து ஏக்கர் செம்பனை. ஒரு டன் பழக் குலையில் ஏறக்குறைய 200 கிலோ எண்ணெய் வரும். எண்ணெய் டன் 900 என்றால் அந்த 200 கிலோவின் மதிப்பு 180 ரிங்கிட். அதில் ஆலைக்காரர் பங்கு, லாரி வாடகை, குலை வெட்டுகிறவர் கூலி எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று நீயே போட்டுப் பார். 2001ல் அண்ணன் உரம் போடவில்லை. உரக் கடையில் பழைய பாக்கி இருந்தது, புதுக் கடன் கேட்க மனம் வரவில்லை.

சோயா வருடப் பயிர். வேண்டாம் என்றால் அடுத்த பருவத்தில் சோளம் போடலாம், தரிசாகவும் விடலாம். செம்பனை அப்படி இல்லை. நட்டால் இருபத்தைந்து வருடம் நிற்கும். விலை இல்லை என்று மரத்தைப் பூட்டி வைக்க முடியாது. இந்த வருடம் நீ போடுகிற உரம் குலையாக வர இரண்டு வருடம் வரை ஆகும், ஏனென்றால் பூ ஆணா பெண்ணா என்று மரம் தீர்மானிப்பது அவ்வளவு முன்னால். மரம் வாடினால் ஆண் பூவாகத் தள்ளும், குலை வராது. ஆக 2001ல் உரம் போடாததன் விளைவு அண்ணனுக்கு 2003ல் தெரிந்தது. அதற்குள் எண்ணெய் விலை திரும்ப 1,500 ரிங்கிட்டுக்கு ஏறிவிட்டது. விலை இருந்தபோது மரத்தில் பழம் இல்லை. அந்த வருடம் அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மரத்தை மட்டும் காட்டினார்.

குறைக்க முடிந்தவர் குறைக்கவில்லை, குறைக்க முடியாதவர் தலையில் விழுந்தது. இதை நீ பிடித்துக்கொண்டால் மற்ற எல்லா உதாரணமும் தன்னால் விளங்கும்.

பெருந்தோட்டங்களில் இது இன்னொரு வழியில் வந்தது. குலை வெட்டுகிறவர்கள் கூலியில் ஒரு பகுதி எண்ணெய் விலையோடு கட்டப்பட்டிருந்தது. விலை இருந்தால் படி உண்டு, விழுந்தால் படி இல்லை. ஒரு தொழிலாளி அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறும் விவசாயச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். அவர் சம்பளக் காகிதத்தில் மட்டும் அது வந்து சேர்ந்தது.

2018லும் ஏறக்குறைய இதே கதை. சீனாவோடு வரிச் சண்டை வந்தது, சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 விழுக்காடு வரி போட்டது, சோயா விலை விழுந்தது. அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு 2018ல் 1,200 கோடி டாலர், 2019ல் 1,600 கோடி டாலர் என்று உதவி அறிவித்தது. நம் பக்கம் 2018 கடைசியில் செம்பனை எண்ணெய் 2,000 ரிங்கிட்டுக்கும் கீழே போனது. அந்தச் சண்டையில் நமக்கு ஒரு பங்கும் இல்லை. அண்ணனுக்கு யாரும் காசோலை அனுப்பவில்லை.

நம் கதை ஓரளவு தாங்கக்கூடிய கதை. நமக்கு வேறு தொழில் இருந்தது, பிள்ளைகள் தொழிற்சாலைக்கோ அரசாங்க வேலைக்கோ போனார்கள். ஆப்பிரிக்காவில் பருத்தி பயிரிடுகிறவர்களுக்கு அப்படி இல்லை. மாலி, பர்கினா ஃபாசோ, பெனின், சாட் ஆகிய நான்கு நாடுகளுக்கும் அப்போது பருத்தி முக்கியமான வெளிநாட்டு வருமானம். குடும்பமே வயலில் இறங்கிக் கையால் பறிக்கும் பருத்தி. அடக்கச் செலவு என்று பார்த்தால் உலகிலேயே மிகக் குறைவாக விளைவிக்கிறவர்களில் அவர்களும் உண்டு. அமெரிக்காவிலோ அப்போது பருத்தி விவசாயிகள் சுமார் 25,000 பேர். 2001-02 பருவத்தில் அவர்களுக்குப் போன உதவி 300 கோடி டாலருக்கு மேல். அந்தப் பருவத்தில் உலகப் பருத்தி விலை பவுண்டுக்கு 40 சென்ட்டுக்கும் கீழே போனது. அந்த விலையில் அடக்கம் கட்டாமல் நின்றிருக்க வேண்டியது அமெரிக்கப் பருத்தி. அது நிற்கவில்லை, ஏற்றுமதியில் முன்னால் ஓடியது. 2003ல் மாலி அதிபரும் பர்கினா ஃபாசோ அதிபரும் சேர்ந்து நியூயார்க் நாளிதழ் ஒன்றில் கட்டுரை எழுதி முறையிட்டார்கள். உதவி வேண்டாம், நியாயமான விலைக்கு விற்க விடுங்கள் என்பதுதான் சாரம். அந்த வருடம் செப்டம்பரில் மெக்சிகோவின் கான்கூனில் கூடிய உலக வர்த்தக அமைப்பு மாநாடு முடிவு எட்டாமலே கலைந்தது. கலைந்ததில் பருத்திக்கும் பங்கு உண்டு.

பருத்தியில் ஒரு நாடு வழக்குப் போட்டு ஜெயித்தது, பிரேசில். 2002ல் உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது, 2005ல் மேல்முறையீட்டிலும் வென்றது. அமெரிக்கா முறைப்படி திருத்தவில்லை. 2009ல், சரி, நீ அமெரிக்கப் பொருள்கள் மேல் வரி போட்டுக்கொள் என்று பிரேசிலுக்கு அனுமதி கிடைத்தது. அப்புறம் நடந்ததை நான் முதலில் படித்தபோது இரண்டு முறை படித்தேன். தன் பருத்தி மானியத்தை நிறுத்துவதற்குப் பதிலாக, பிரேசில் பருத்தித் துறைக்கு வருடம் 14.73 கோடி டாலர் கொடுப்பதாக அமெரிக்கா 2010ல் ஒப்புக்கொண்டது. 2014ல் இன்னும் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். பிரேசிலுக்கு வழக்கறிஞர்களுக்குக் கொடுக்கப் பணம் இருந்தது, வரி போட்டால் அமெரிக்காவுக்கு வலிக்கும் அளவுக்குச் சந்தை இருந்தது. மாலி வரி போட்டால் அமெரிக்காவில் யாருக்கு வலிக்கும்? சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதைப் பிடித்து நிற்கிற பலம்தான் ஒன்றாக இல்லை.

அரிசியில் ஹைதி. 1995ல் அந்த நாடு வெளியார் கட்டாயத்தில் அரிசி இறக்குமதி வரியை 3 விழுக்காடாக இறக்கியது. அமெரிக்காவின் மானிய அரிசி வந்து நிறைந்தது. உள்நாட்டு நெல் விவசாயம் படுத்துவிட்டது. அதை முன்னின்று செய்த அப்போதைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன், 2010ல் நிலநடுக்கத்துக்குப் பிறகு, தம் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் அது தவறு என்று செனட் குழு முன்னால் ஒப்புக்கொண்டார். இவ்வளவு வெளிப்படையாக ஒரு தலைவர் சொன்னது எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

சர்க்கரையில் கதை திரும்புகிறது, இதைக் கவனமாகப் படி. ஐரோப்பா தன் பீட்ரூட் சர்க்கரைக்கு உலக விலையைப்போல் மூன்று மடங்கு விலை வைத்துக் காப்பாற்றி வந்தது. அதே உயர்ந்த விலையில் தன் பழைய காலனி நாடுகளிடமிருந்தும் ஒரு அளவு சர்க்கரை வாங்கியது. மொரீஷியஸ், ஃபிஜி, கயானா, கரீபியத் தீவுகள். நம் பாட்டன்மார் இங்கே பால்மரக் காட்டுக்கு வந்ததுபோல, கரும்புக் காட்டுக்குக் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் மொரீஷியஸிலும் ஃபிஜியிலும் உண்டு. பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து மூன்றும் ஐரோப்பாவின் ஏற்றுமதி மானியத்துக்கு எதிராக வழக்குப் போட்டு வென்றன. ஐரோப்பா 2006 முதல் விலையை 36 விழுக்காடு குறைத்தது. மானியம் குறைந்தது, சந்தோஷம்தானே? பிரேசிலுக்குச் சந்தோஷம். மொரீஷியஸில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. செயின்ட் கிட்ஸ் தீவு, வரப்போவதைப் பார்த்து, முந்நூறு வருடச் சர்க்கரைத் தொழிலை 2005லேயே முடித்துக்கொண்டது. மானியத்தை எடுத்தால் ஏழை நாடு எல்லாம் பிழைக்கும் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வை. பணக்கார நாடு போட்ட பந்தலில் சில ஏழை நாடுகளும் ஒதுங்கி நின்றன. பந்தலைப் பிரிக்கும்போது அவர்களுக்கு வேறு இடம் காட்டிவிட்டுப் பிரிக்க வேண்டும். பிரித்தவர்கள் அதை அரைகுறையாகத்தான் செய்தார்கள் என்பது என் எண்ணம்.

வாங்குகிறவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் கோதுமை விளையாது. காலையில் நீ சாப்பிடும் ரொட்டி சானாய் மாவு முழுக்க இறக்குமதி. கோழித் தீவனத்துக்குச் சோளமும் சோயாவும் இறக்குமதி. நாளைக்கே எல்லா மானியமும் நின்று உலக விலை ஏறினால் நம் சமையலறையில் தெரியும். உணவை இறக்குமதி செய்யும் ஏழை நாடுகளுக்கு இந்தப் பயம் உண்மையானது. உலக வர்த்தக அமைப்பை 1995ல் தொடங்குவதற்கு முன்பே மராகேஷில் அவர்களுக்கென்று தனித் தீர்மானம் போட்டார்கள். அதன் பலன் அவர்களுக்குப் பெரிதாக எட்டவில்லை.

மானியம் இல்லாமல் விவசாயமே முடியாது என்பதும் சரியில்லை. நியூசிலாந்து 1984ல் ஏறக்குறைய எல்லா விவசாய மானியத்தையும் எடுத்துவிட்டது. சில வருடம் கஷ்டப்பட்டார்கள், ஆட்டு மந்தைகள் சுருங்கின, நிலத்தின் விலை விழுந்தது. ஆனால் பயந்த அளவுக்குப் பண்ணைகள் மூடப்படவில்லை. இன்று உலகப் பால் மாவுச் சந்தையில் முதல் வரிசையில் நிற்பது அந்த நாடுதான். ஐரோப்பாவிலும் மானியம் சின்ன விவசாயியைக் காப்பாற்றத்தான் என்று சொல்லுவார்கள். அங்கே நேரடியாகக் கொடுக்கும் பணத்தில் சுமார் 80 விழுக்காடு, வாங்குகிறவர்களில் 20 விழுக்காட்டினருக்குப் போகிறது. நிலத்துக்கு ஏற்றாற்போல் பணம் என்றால் நிலம் அதிகம் உள்ளவருக்குத்தான் அதிகம் போகும்.

மானியம் பற்றி உலக வர்த்தக அமைப்பின் சட்டம் என்ன சொல்கிறது என்று பாடப் புத்தகத்தில் பெட்டி பெட்டியாகப் போட்டிருப்பார்கள். விலையையும் உற்பத்தியையும் நேராகத் தொடுவது செம்மஞ்சள் பெட்டி, அதற்கு வரம்பு உண்டு. உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையோடு கொடுப்பது நீலப் பெட்டி. ஆராய்ச்சி, சுற்றுச்சூழல், விளைச்சலோடு சம்பந்தமில்லாத வருமான உதவி எல்லாம் பச்சைப் பெட்டி, அதற்கு வரம்பே இல்லை. பணக்கார நாடுகள் பணத்தை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றின. கொஞ்சம் உண்மையான திருத்தம், கொஞ்சம் பெயர் மாற்றம். ஒரு நல்ல காரியம் நடந்தது: 2015 டிசம்பரில் நைரோபியில் ஏற்றுமதி மானியத்தை ஒழிக்க முடிவெடுத்தார்கள். எங்கள் அம்மாவின் பாலை விழுத்தாட்டிய அந்தக் கருவி இன்று சட்டப்படி கிடையாது. உள்நாட்டு மானியத்தைப் பற்றிய பேச்சு மட்டும் நகரவில்லை. 2024ல் அபு தாபி மாநாட்டிலும் விவசாயத்தில் ஒரு முடிவும் வரவில்லை.

இப்போது இந்தியாவுக்கு வருகிறேன், ஏனென்றால் இது நம் வீட்டுப் பானையைத் தொட்ட கதை. தன் மக்களுக்கு விலை ஏறக் கூடாது என்று இந்தியா 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. இங்கே செப்டம்பர் 1 முதல், அரிசி இறக்குமதியைக் கையாளும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசி விலையை டன் 2,350லிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. உள்ளூர் அரிசி பத்து கிலோ 26 ரிங்கிட் என்று கட்டுப்படுத்தப்பட்ட விலை. உடனே எல்லாரும் உள்ளூர் அரிசிக்குப் பாய்ந்தார்கள். ஈஜோக்கிலும் கோலசிலாங்கூரிலும் கடையில் அது கண்ணில் படவில்லை. செகிஞ்சான் நெல் வயல் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள், ஆனால் நம் கடையில் அரிசி இல்லை. உங்கள் அம்மா என் மனைவியோடு சேர்ந்து மூன்று கடை ஏறி இறங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். இந்தியா செம்பனை எண்ணெய்க்கும் இறக்குமதி வரியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கிறது, தன் கடலை விவசாயியையும் கடுகு விவசாயியையும் காப்பாற்ற. 2024 செப்டம்பரில் ஏற்றியது, 2025ல் குறைத்தது. ஒவ்வொரு முறையும் நம் குலை விலை அசைகிறது. அதற்காக அந்த விவசாயி மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இரண்டு ஏக்கரில் பிழைக்கிறவரையும், ஆயிரம் ஏக்கரை இயந்திரத்தில் உழுகிறவரையும் ஒரே தராசில் வைத்து இரண்டும் மானியம்தான் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. எடை வேறு, தள்ளுகிற தூரம் வேறு.

ஐரோப்பா இப்போது செம்பனை உயிரி எரிபொருளை 2030க்குள் விலக்குவதாகச் சட்டம் வைத்திருக்கிறது. காட்டை அழிக்கக் கூடாது என்பதில் எனக்கு முழுச் சம்மதம். அதே சட்டம் அவர்கள் கடுகு இன எண்ணெய்ப் பயிருக்கு ஒரு நிச்சயமான சந்தையையும் கட்டிக் கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலேசியா 2021ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு, அடிப்படைக் கொள்கையில் ஐரோப்பா பக்கமும், அதை நடைமுறைப்படுத்திய விதத்தில் குறை இருந்தது என்று நம் பக்கமும் பேசியது. அதற்கு மேல் இங்கே எழுதினால் வேறு கட்டுரை ஆகிவிடும்.

அப்படியானால் நாமும் மானியம் கொடுக்கக் கூடாதா என்று கேட்பாய். நாமும் கொடுக்கிறோம். நெல்லுக்கு உறுதி விலை டன் 1,200 ரிங்கிட்டாக இருந்தது, அப்புறம் 1,300, 2025ல் 1,500 ஆக்கினார்கள். உரமும் உதவி விலையில் போகிறது. இதை நான் ஆதரிக்கிறேன். நம் நெல் நமக்கே போதவில்லை, கப்பலேறிப் போய் இன்னொரு நாட்டு விவசாயியின் விலையை உடைப்பதில்லை. நான் ஒரு மானியத்தைப் பார்க்கும்போது கேட்கிற கேள்வி இதுதான்: இந்தப் பணத்தால் விளைந்தது எல்லை தாண்டி எங்கே போய் விழுகிறது? செகிஞ்சான் நெல்லுக்குக் கொடுத்த பணம் செகிஞ்சானிலேயே முடிகிறது. அமெரிக்கப் பருத்திக்குக் கொடுத்த பணம் மாலியில் போய் விழுந்தது.

ஐந்து ஏக்கரை இப்போது அண்ணன் மகன் பார்க்கிறான். சனிக்கிழமை காலையில் குலை ஏற்ற லாரி வரும், நீயும் வா, கூட்டிக்கொண்டு போகிறேன். அண்ணன் 1996லிருந்து ஒவ்வொரு லாரி எடையையும் விலையையும் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த வருடங்களின் சிக்காகோ சோயா விலை என்னிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீயே கோடு போட்டுப் பார். 2003 பக்கத்துக்கு வரும்போது அண்ணனிடம் ஒன்றும் கேட்காதே, அவரே சொல்வார்.